முந்நூற்று முப்பத்து மூன்றாம் குழாய்

333 என்று எழுதி ஒட்டிய கண்ணாடிக் குழாயைச் சந்தனராஜ் மூன்றாம் தடவையாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அடியில் முயலின் சிவப்பணுக்கள் குன்றிமணி அளவுக்குப் படிந்து கிடந்தன. அதற்கடுத்த ஐந்நூறாம் குழாய் மட்டும் மாதுளம்பழச் சாறு மாதிரி முழுக்கச் சிவந்திருந்தது.

கணக்கு சுலபமானதுதான். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் கிருமி ஒரு விஷத்தைக் கக்கும். அந்த விஷத்தை எல்லாக் குழாயிலும் அளந்து ஊற்றி, நோயாளியின் ரத்தம் உறைந்து மேலே பிரிகிற தெளிநீரைக் குழாய்க்குக் குழாய் மேலும் நீர்க்கவிட்டு, முயல் அணுக்களோடு சேர்க்க வேண்டும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஊறியிருந்தால் விஷம் மடங்கிப் போகும், முயல் அணுக்கள் பிழைத்து அடியில் படியும். இல்லாவிட்டால் அணுக்கள் உடைந்து தண்ணீர் சிவக்கும். எந்தக் குழாய்வரை அணுக்கள் பிழைத்தனவோ, அதுதான் எண். ஒன்பது வயதுச் சொர்ணவல்லிக்கு அது முந்நூற்று முப்பத்து மூன்று யூனிட். மெட்ராஸிலிருந்து மருந்துப் பெட்டியோடு வந்த தாளில், இருநூறுக்குள் இருந்தால் சாதாரணம் என்று அச்சடித்திருந்தது.

எண்ணைச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டர் ரெங்கசாமி பார்த்த உடனே பேனாவைத் திறந்தார்.

"ருமாட்டிக் காய்ச்சல். நான் நெனச்சது சரியாப் போச்சு."

இது நடந்தது 1961 ஆனி மாதம், கறம்பக்குடிக்கு மேற்கே இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில்.

சந்தனராஜ் ஆவூர்ப் பக்கத்துக்காரர். அப்பா வானம் பார்த்த பூமியில் கடலையும் வரகும் போட்டவர், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர். அந்த வம்சத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் சந்தனராஜ்தான். பங்குச் சாமியார் அவரைத் திருச்சிக்கு அனுப்பிப் பத்து மாசம் லேபரட்டரி வேலை படிக்க வைத்தார். வந்து சேர்ந்தது 1951இல். பத்து வருஷமாக அதே அறை, அதே மைக்ராஸ்கோப். பின்கட்டில் கம்பிக்கூண்டு போட்டு ரெண்டு வெள்ளை முயல் வளர்த்தார், காது நரம்பில் ரத்தம் எடுக்க. அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு முயல்காரர் என்று பேர். "என்ன சார், இன்னைக்கு மொயலுக்குக் காது குத்தியாச்சா? மொய்யி எவ்வளவு?" என்று ஆயாக்கள் கேட்பார்கள். அவரும், "தாய்மாமன் மொறைக்கு நீங்க வராம குத்துவேனா?" என்று சொல்லிவிட்டுப் போவார். எண்ணில் மட்டும் விளையாட மாட்டார். ஒரு குழாய் சந்தேகமாக இருந்தால் மூன்று தரம் பார்ப்பார்.

சொர்ணவல்லிக்கு ஊர் கீரமங்கலத்துக்குக் கிழக்கே நெடுவன்கொல்லை. அப்பன் சிலோனில் தேயிலைக் காட்டில் இருந்தான். அவள் ஆத்தா காத்தாயிதான் ஒற்றையாளாகப் பிள்ளையை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். நெருப்பாகக் காய்ச்சல், இடது முழங்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீக்கம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தபோது சன்னமாக ஒரு கூடுதல் சத்தம் கேட்டது. ருமாட்டிக் காய்ச்சல் தொண்டைப் புண் ஆறிய பின் வந்து மூட்டையும் இருதயத்தையும் தாக்கும். மூட்டு வீக்கம், காய்ச்சல், நெஞ்சில் சத்தம், இப்போது எண்ணும் சேர்ந்துகொண்டது. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, பென்சிலின் ஊசி, நாளைக்கு நாலு வேளை ஆஸ்பிரின் என்று எழுதினார்.

மூன்று நாள் ஆயிற்று, ஐந்து நாள் ஆயிற்று. தினம் காலையில் சந்தனராஜ் பிள்ளையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். மைக்ராஸ்கோப்பில் வெள்ளணுக்களை எண்ணுவார். பதினாலாயிரம் என்றிருந்தது பதினெட்டாயிரம் ஆனது. ஆறாம் நாள் இருபத்தோராயிரம். மாத்திரை போட்டால் ரெண்டு மணி நேரம் உடம்பு வேர்த்துக் குளிரும், அப்புறம் பழையபடி கொதிக்கும்.

"வலி இப்ப எங்கிட்டும்மா இருக்கு?" என்று காத்தாயியிடம் கேட்டார்.

"அதே எடந்தாங்க சார். வந்த அன்னைக்கு எங்கிட்டுக் கை வச்சாக் கத்துனாளோ, இன்னைக்கும் அங்கிட்டுத்தான் கத்துறா. போர்வை பட்டாக்கூடத் துடிக்கிறா."

நர்சுகளுக்கு டாக்டர் பாடம் சொல்லும்போது சந்தனராஜ் காதால் கேட்டிருக்கிறார்: 'இந்தக் காய்ச்சல் வலி ஒரு மூட்டுல குடியிருக்காது. இன்னைக்கு முட்டின்னா நாளைக்கு மணிக்கட்டு. ஆஸ்பிரின் விழுந்தா ரெண்டே நாள்ல ஓடிப் போயிரும்.' இந்த வலி ஆறு நாளாகப் பட்டா வாங்கியது மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் இது வேறு ஏதோ. அந்த வேறு ஏதோவை ஆஸ்பிரின் போர்வை போட்டு மூடிக்கொண்டிருக்கிறது.

"தொண்டை வலி வந்துச்சாம்மா, இதுக்கு முந்தி?"

"வந்துச்சுங்க, சித்திரையில. எங்கூர்ல எந்தப் புள்ளைக்குத்தான் வரல? உண்ணாமலைகிட்டக் கூட்டிட்டுப் போயி உள்நாக்குத் தூக்கி விட்டேன், சரியாப் போச்சு."

"அது யாரு உண்ணாமலை?"

"பூ கட்டுறவ. கைராசிக்காரி. செவ்வாயும் வெள்ளியும் மொளகுப் பொடியத் தொட்டு வெரல உள்ள விட்டு, தொங்குற உள்நாக்க ஒரு அமுக்கு அமுக்குவா. வரிசையா இருவது முப்பது புள்ளைக நிக்கும்."

"ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கழுவுவாங்களா?"

காத்தாயி அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "எதுக்குங்க? மொளகுதான இருக்கு."

ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு, அதிலிருந்து அடுத்ததற்கு ஒரே விரல். சந்தனராஜ் லேபரட்டரிக்குத் திரும்பி, மருந்துப் பெட்டியின் தாளை எடுத்து முன்னும் பின்னும் படித்தார். இருநூறு. யாருடைய இருநூறு? பெரியவர்களா, பிள்ளைகளா? எந்த ஊர்? தாளில் ஒரு வரியும் இல்லை. அந்த வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளின் ரத்தத்திலும் முந்நூறு இருந்தால்? சொர்ணவல்லிக்கு எப்போதோ தொண்டைப் புண் வந்து போனது என்பதற்குமேல் அந்த எண் ஒன்றையும் சொல்லாதே!

டாக்டரின் அறைக்குப் போனார்.

"சார், அந்தப் பிள்ளைக்கு வலி முட்டியவிட்டு நகரவே இல்ல. வெள்ளணுவும் ஏறிக்கிட்டே போகுது."

"சந்தனராஜ், நீங்க குழாயைப் பாருங்க. புள்ளைய நான் பாக்கிறேன்."

"குழாயத்தான் சார் சொல்றேன். தாள்ல இருக்கிற இருநூறு நம்ம பிள்ளைகளுக்குப் பொருந்துமான்னு..."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. முந்தின வருஷம் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வெறும் மூட்டு வலி என்று வீட்டுக்கு அனுப்பி, ஏழு மாசம் கழித்து இருதய வால்வு கெட்டு, அவர் கை மேலேயே அது போய்விட்டது. அதிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் அவருக்கு நெஞ்சுதான் தெரியும்.

"இன்னொரு தடவை கோட்டை விடச் சொல்றீங்களா? போய் வேலையப் பாருங்க."

சந்தனராஜ் 'சொந்த வேலை' என்று எழுதி செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டார். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரிடம் கெஞ்சி இருபது ஊசிமுனையும் அத்தனை கண்ணாடி சிரிஞ்சும் வாங்கி, கொதிக்க வைத்துத் தகரப் பெட்டியில் அடுக்கினார். பிரம்புக்கூடையில் குழாய்கள், ஈரத்துணி சுற்றி. கீரமங்கலத்தில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்தார்.

நெடுவன்கொல்லையில் வரிசை நின்றுகொண்டிருந்தது. பலாமரத்தடியில் முக்காலி போட்டு உண்ணாமலை உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், வெற்றிலை போட்ட வாய். ஒரு பிள்ளையின் தாடையைப் பிடித்து விரலை உள்ளே விட்டாள். பிள்ளை ஓங்கரித்தது, கண்ணில் நீர் கொட்டியது. "முடிஞ்சுபோச்சுடி ராசாத்தி, ஓடு! அடுத்தது யாரு?"

சந்தனராஜ் கிட்டே போய்க் காத்தாயி பேரைச் சொல்வதற்குள், கடலைக் கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்த மலையாண்டி வந்துவிட்டான். ஊரில் எதற்கும் முதலில் குரல் கொடுக்கிறவன்.

"யாருய்யா நீ? பொட்டியில என்ன?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வாரேங்க. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாக்கணும். ஊசி இருக்கு."

அந்தச் சமயம் பக்கத்து ஆற்றில் ரோட்டுப் பாலத்துக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தூண் நிற்கவில்லை, பிள்ளை ரத்தம் கேட்கிறது என்று சந்தைக்குச் சந்தை பேச்சு. சந்தனராஜுக்கு அது தெரியும். பஸ்ஸில் வரும்போதுகூட நினைத்துக்கொண்டார். ஆனாலும் வாயில் உண்மைதான் வந்தது.

"டேய், பாலத்துக்கு ரத்தம் எடுக்க வந்தவன்டா!"

கொல்லையிலிருந்து ஆறேழு பேர் களைக்கொட்டோடு ஓடி வந்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் கூடையைப் பிடித்து இழுத்தான். சந்தனராஜ் தகரப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பெட்டி திறந்து ஊசிகள் மண்ணில் விழுந்தால் எல்லாம் போச்சு. அடுத்த வரிசை கூடும் வெள்ளிக்கிழமை வரைக்கும் சொர்ணவல்லி தாங்க மாட்டாள். பின்னாலிருந்து யாரோ சட்டைக் காலரை முறுக்கினார்கள், பொத்தான் தெறித்தது.

"அடிக்கிறதுன்னா அடிங்க. பொட்டிய மட்டும் விட்ருங்க. காத்தாயி மக சாகக் கெடக்கிறா."

"நிறுத்துங்கடா!" உண்ணாமலை முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "காத்தாயி மகளுக்கு என்ன?"

அவர் ஒரு மூச்சில் சொன்னார். காலில் என்னவோ உள்ளுக்குள் அரிக்கிறது, ரத்தச் சோதனையில் வந்த ஒரு எண்ணைப் பார்த்து வேறு நோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள், நன்றாக ஓடியாடுகிற பிள்ளைகளுக்கும் இதே எண் இருக்கிறது என்று காட்டினால்தான் டாக்டர் திரும்பிப் பார்ப்பார். உண்ணாமலை பாதி புரிந்தும் புரியாமலும் கேட்டாள். பிறகு மலையாண்டி பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, பாலத்துக்குத்தான் ரத்தம்னா ஒன்னையப் புடிச்சுப் போட்டா நாலு தூணு நிக்குமேடா. தின்ன ஒடம்பு. சுண்டுனா ஒரு சொட்டு வர்ற பிஞ்சுக எதுக்கு அவனுகளுக்கு?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காலரைப் பிடித்த கை தளர்ந்தது.

"மொதல்ல எனக்கு எடுங்க தம்பி," என்று வளையலை மேலே தள்ளிக் கையை நீட்டினாள். "நான் செத்தேன்னா எல்லாரும் சேந்து இவர வெட்டிப் போடுங்க. சாகலைன்னா வரிசையில நில்லுங்க."

ஊரே மூச்சுவிடாமல் பார்த்தது. ரத்தம் ஏறியது, ஊசி வெளியே வந்தது. உண்ணாமலை கையை மடக்கிக்கொண்டு, "எறும்பு கடிச்சாப்புல இருக்கு, அம்புட்டுத்தான்," என்றாள். மலையாண்டி முறைத்துக்கொண்டே அடுத்ததாகக் கையை நீட்டினான். பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் பதினாறு பேர். பதினாறும் சித்திரையில் அவள் வரிசையில் நின்றவை. ஒன்றுக்கும் மூட்டு வலியோ காய்ச்சலோ கிடையாது.

ஏழாவது பிள்ளைக்கு எடுக்கும்போது உண்ணாமலை கேட்டாள்: "ஏந்தம்பி, ஒவ்வொருத்தருக்கும் வேற ஊசிய மாத்துறீங்க? அதே ஊசியில எடுத்தா ஆகாதா?"

"ஒருத்தர்கிட்ட இருக்கிற கிருமி அடுத்தவங்களுக்கு ஒட்டிரும்க்கா," என்று குனிந்தபடியே சொன்னார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

உண்ணாமலை தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நுனியில் மிளகுப்பொடி ஈரத்தோடு அப்பியிருந்தது.

"அப்ப இது?"

"அக்கா..."

"சொல்ல வேணாம். மொதல்ல புள்ளைகளுக்கு எடுத்து முடிங்க." அவள் குரல் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் அடுப்பில் கை கழுவ வெந்நீர் வைக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு மீதி இருந்த பிள்ளைகளுக்கு அவள் உள்நாக்குத் தூக்கவில்லை.

புதன்கிழமை காலை சந்தனராஜ் வார்டு வழியாகப் போனபோது சொர்ணவல்லிக்கு நினைவு தப்பியிருந்தது. "மாட்டப் புடி, மாட்டப் புடி" என்று பிதற்றினாள். காத்தாயி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நிற்காமல் லேபரட்டரிக்குப் போனார்.

முயலுக்கு இரண்டு காதிலும் எடுக்க வேண்டியிருந்தது. இருபது பேருக்கும் வரிசை வரிசையாகக் குழாய்களை அடுக்கி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினாறும் நூறிலேயே சிவந்துவிட்டால் டாக்டர் சொன்னதுதான் சரி. ஒரு ஊரையே குத்திவிட்டு வந்த குற்றம் மட்டும் தன் தலையில் நிற்கும். அதுகூடப் பெரிதில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழி தெரியாது.

நேரம் ஆனதும் முதல் வரிசையை எடுத்தார். உண்ணாமலை: நூற்று இருபத்தைந்து. மலையாண்டி: நூறு. மற்ற இரண்டு பெரியவர்களும் அதற்குக் கீழே. குழாய்த் தாங்கியைக் கீழே வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளின் வரிசையைத் தூக்கினார்.

இருநூற்று ஐம்பது. முந்நூற்று முப்பத்து மூன்று. நூற்று அறுபத்தாறு. முந்நூற்று முப்பத்து மூன்று. மறுபடியும் அதே. ஐந்நூறு!

தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஓடினார். டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"பதினாறு பிள்ளைங்க சார், சொர்ணவல்லி ஊர்ப் பிள்ளைங்க. ஒண்ணுக்கும் நோய் இல்ல. பதினொரு பேருக்கு இருநூறுக்கு மேல."

"ஊருக்குள்ள போய் ரத்தம் எடுத்தீங்களா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலைங்க சார்."

டாக்டரின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தவர் தாளைப் பார்த்தார். "இதுல ரெண்டு பேருக்கு ஐந்நூறுன்னு போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க சார். அதுல ஒருத்தன நான் பலாமரத்து மேலேர்ந்து எறக்கித்தான் ரத்தம் எடுத்தேன்."

"ருமாட்டிக் இல்லன்னு இது நிரூபிக்கலியே, சந்தனராஜ்."

"இல்லைங்க சார். ஆமான்னும் அந்த எண்ணு நிரூபிக்கலைங்கிறதுதான் சார் நான் சொல்றது."

டாக்டர் எழுந்தார். வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு வார்டுக்கு நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார். சொர்ணவல்லியின் கட்டிலருகே குனிந்து, முழங்கால் மூட்டைத் தொடாமல் அதற்கு நாலு விரற்கடை கீழே முன்காலெலும்பின் மேல் ஒற்றை விரலை வைத்து அழுத்தினார். நினைவு தப்பிக் கிடந்த பிள்ளை கட்டிலே அதிரும்படி அலறியது. மூட்டை மெல்ல மடக்கினார். அதற்கு அவ்வளவு கத்தவில்லை.

"மூட்டு இல்ல," என்றார், யாருக்கோ சொல்வது மாதிரி. "எலும்பு."

பெரிய ஊசி ஒன்றை வாங்கி அந்த இடத்தில் இறக்கிப் பின்னுக்கு இழுத்தார். சிரிஞ்சில் மஞ்சளும் சிவப்புமாகச் சீழ் ஏறியது. காத்தாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"தியேட்டரத் தயார் பண்ணுங்க. ஆஸ்பிரினை நிறுத்துங்க."

எலும்பில் துளை போட்டபோது ஒரு கிண்ணம் நிறைய வந்தது. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் கால் போயிருக்கும், அதற்கு மேல் பிள்ளையே போயிருக்கும் என்று டாக்டரே பிறகு காத்தாயியிடம் சொன்னார். நெஞ்சில் கேட்ட சத்தம் காய்ச்சல் இறங்கியதும் அதுவாகவே காணாமல் போயிற்று. ஓடுகிற ரத்தத்தின் வேகத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெஞ்சில் அப்படிச் சத்தம் கேட்கலாமாம். அதையும் அவரே சொன்னார்.

சந்தனராஜுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது, உத்தரவில்லாமல் ரத்தம் எடுத்ததற்கு. கடிதம் கொடுத்த கையோடு டாக்டர் கேட்டார்: "என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா விட்டிருப்பீங்களா சார்?"

"மாட்டேன்."

அதற்கப்புறம் லேபரட்டரி நோட்டில் சந்தனராஜ் பிள்ளைகளுக்குத் தனிப் பக்கம் திறந்தார். எந்த ஊர், என்ன வயது, தொண்டை வலி எப்போது வந்தது, ஊரில் உள்நாக்குத் தூக்குகிறவர் உண்டா என்றெல்லாம் எழுதினார். சந்தேகமான பிள்ளைக்குப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு தரம் எடுத்து, எண் ஏறுகிறதா, நிற்கிறதா என்று பார்ப்பார். ஒற்றை எண்ணைச் சீட்டில் எழுதி அனுப்பும்போது, 'இது மட்டும் போதாது' என்று அடியில் ஒரு வரி சேர்ப்பார். உண்மையான ருமாட்டிக் காய்ச்சலும் வராமல் இல்லை. 1967க்குள் பதினான்கு பிள்ளைகளை அந்த நோட்டு சரியாகப் பிடித்துக் கொடுத்தது. அவர்களுக்கு மாசாமாசம் ஊசி போட்டார்கள். அதில் ரெண்டு பிள்ளைகளை அனுப்பி வைத்தவள் உண்ணாமலை. 'முட்டி ரெண்டும் மாறி மாறி வீங்குதாம், முயல்காரரைப் பாக்கச் சொன்னா' என்று வந்தார்கள்.

சொர்ணவல்லிக்கு மாவுக்கட்டுப் பிரித்தது ஆவணி கடைசியில். கால் அகத்திக்குச்சி மாதிரி வெளுத்து மெலிந்திருந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு எட்டு வைத்தாள். அடுத்த எட்டில் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காத்தாயி பாய்ந்தாள்.

"விடும்மா," என்று டாக்டர் கையைக் குறுக்கே நீட்டினார்.

வாசலில் சந்தனராஜ் சிரிஞ்சுத் தட்டைப் பிடித்தபடி நின்றார். சொர்ணவல்லி இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள், உதட்டைக் கடித்தாள், கெட்ட காலை முதலில் நிமிர்த்தினாள், அதன்மேல் பாரத்தைப் போட்டு எழுந்தாள். காலும் தாங்கியது. சாய்ந்து சாய்ந்து வாசல்வரை வந்துவிட்டு, "தள்ளுங்க சார், வழியில நிக்கிறீங்க," என்றாள்.